தங்கவயல் விருந்தில் நான் கேட்ட களி

என் இளைய மகன் அருளப்பன் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் என்னும் தங்கச் சுரங்கத்தில் கணக்கெழுதுகிறான். அங்கேயே நந்திதுர்க் சுரங்க மேஸ்திரி ஒருவரின் மகளைக் கட்ட விரும்பினான். நான் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்று எழுதியதால், ஈஸ்டர் கழிந்த வாரமே வேலூரிலிருந்து புறப்பட்டேன்.

காட்பாடியில் காலை ரயில் ஏறி, பௌரிங்பேட்டையில் தங்கவயல் கிளை வண்டிக்கு மாறவேண்டும். பத்து மைல்தான், அதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கையில் இட்லி இருந்ததால் பிழைத்தேன்.

அருளப்பன் ஸ்டேஷனுக்கு ஜட்கா கொண்டுவந்திருந்தான். சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று வண்டிக்காரனிடம் கேட்டேன்.

"கழுத்துல சிலுவ கீது, வாயில சைவமா? தவக்காலம் போன வாரமே முடிஞ்சிபோச்சேம்மா!"

"தெரியும். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அருளப்பன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, உங்களுக்காக ஆடு அடிச்சிருக்காங்க. சாப்பிடலேன்னா சாதி பாக்கறோம்னு நெனப்பாங்க, பொண்ணு தரமாட்டாங்க. வயிறு சரியில்லேன்னு சொல்லிடுங்க."

"என் வயிறு நல்லாத்தான் இருக்கு."

தாதுக்கல் இடிக்கும் ஆலைச் சத்தம் வழியெல்லாம் கூடவே வந்தது. பெண்ணின் வீடு மூங்கில் தட்டிகளால் கட்டியது. தரை என் வீட்டுத் தரையைவிடச் சுத்தம். பெண்ணின் தாய் ஆரோக்கியம் பீங்கான் தட்டில் கறியைக் குவித்து வைத்தார். கறி சாப்பிடுவதில்லை என்றேன். அவர் முகம் இறுகியது.

"இன்னாம்மா, எங்க ஊட்டுக் கறி உங்களுக்கு எறங்காதா? வேதத்துல சேந்தும் சாதிய வுடலியா?"

காரணம் என் பக்தியும் அல்ல, விதவைக் கோலமும் அல்ல, சாதியும் அல்ல என்றேன். "என் கையால ஒரு ஆட்டை வெட்ட என்னால முடியாது. நான் செய்ய மாட்டேன்கிறதை இன்னொருத்தரை விட்டுச் செய்யச் சொல்லிச் சாப்பிடறது எனக்குக் கௌரவம் இல்லே."

"அப்ப அரிசிய நீங்களா அறுத்தீங்க?"

"கத்துக்கொடுத்தா அறுப்பேன். ஆட்டை வெட்டக் கத்துக்கொடுத்தாலும் வெட்ட மாட்டேன்."

அடுப்பருகே வீட்டாருக்கென்று கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் மூடி வைத்திருந்ததைக் கண்டேன். "அதை ஒரு தட்டுல போட்டு, முதல் வாய் நீங்க சாப்பிட்டுட்டு எனக்குக் கொடுங்க" என்றேன்.

"எங்க எச்சியையா?"

"ஆமாம்."

என்னையே பார்த்தபடி ஒரு வாய் விழுங்கினார். தட்டை வாங்கி முழுவதும் சாப்பிட்டேன். அருளப்பன் அப்போதுதான் மூச்சுவிட்டான். கதவோரம் நின்ற பெண் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது.

தங்கவயலுக்குச் செல்லும் சைவச் சகோதரிகளுக்கு என் யோசனை: உலை ஏறுமுன் சொல்லிவிடுங்கள், உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். வயிற்றைச் சாக்குச் சொன்னால் அடுத்த வேளைக்கு வேறு சாக்குத் தேட வேண்டும். நான் ஒரே தடவையோடு முடித்தேன்.

விடைபெறும்போது ஆரோக்கியம், "சம்பந்தியம்மா, கல்யாணத்துல உங்க களிய நீங்களே கிண்டணும். உங்க கையால முடிஞ்சதத்தான சாப்புடுவீங்க?" என்றார்.

நான் படித்த கான்வென்டில் எனக்குக் களி கிண்டச் சொல்லித்தரவில்லை. வேலூர் திரும்பிக் கிண்டிப் பார்த்தேன்; மூன்று முறை கட்டி தட்டியது. நேற்று வழவழவென்று வந்துவிட்டது.