மீன்களுக்கு ஊற்றிய மூன்றாம் தண்ணீர்

எங்கள் வீட்டில் கடல் இருக்கிறது என்று நான் சொன்னபோது பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. முன்னறை ஜன்னலை ஒட்டி, மேசைமேல், ஒரு கண்ணாடித் தொட்டியில் அது இருந்தது. பட்டணத்துக்குப் போன சித்தப்பா அங்கே கடற்கரையில் மீன் காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பித்து அது. கள்ளிக்கோட்டையில் இருந்த அவருடைய சிநேகிதர் மரப்பீப்பாயில் கடல்நீரை ரயிலேற்றி அனுப்புவார். போத்தனூரில் இறக்கி மாட்டுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஆர்.எஸ்.புரத்தில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரத் தொடங்கிய புதிது. ஊரே நல்ல தண்ணீர் வந்ததென்று பூரித்திருக்கையில், உப்புத் தண்ணீரைக் கூலி கொடுத்து வரவழைத்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

தொட்டியில் ஐந்து மீன்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்டவை. அவற்றின் பெயர் சித்தப்பாவுக்கே தெரியாது. தண்ணீருக்குள் காற்று போக, சைக்கிள் பம்பில் ரப்பர் குழாயை மாட்டியிருந்தார். அந்தப் பக்கம் போகிறவர்கள் நாலு அடி அடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. அப்போது அவளுக்குப் பதினேழு வயது இருக்கலாம்.

அந்தத் தை மாதம் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை காரமடைப் பக்கம். பாக்குத் தோப்பும் இரண்டு கிணறும் உண்டு. மூத்த தாரம் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவைவிட வயதில் மூத்தவர் என்று பேச்சு. அத்தை ஒரே ஒருமுறை, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம் என்றாள். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "உன்னையக் கேட்டாங்களா இப்ப?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலையில் மீன்களின் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன. ரவையைத் தூவிவிட்டாற்போல் இருந்தது. மீன்கள் கல்லில் உடம்பை உரசின. செவுள் படபடத்தது. மறுநாளைக்குள் இரண்டு செத்து மிதந்தன. சித்தப்பா சோறு உண்ணவில்லை. கள்ளிக்கோட்டைச் சிநேகிதருக்குத் தந்தி கொடுத்தார். அவரிடமிருந்து வந்த பதில், வேறு மீன் அனுப்பட்டுமா என்பதுதான்.

அத்தை தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள்.

"ஏனுங்க நங்கை, இது முத்துங்க. அம்மை வாத்திருக்குது."

"மீனுக்கு எங்காச்சும் அம்மை வாக்குமா அம்மணி?"

"மாரியாத்தாளுக்கு மனுசன் வேற, மீன் வேறயிங்களா?"

அம்மா வேப்பிலை ஒடிக்கப் போனாள். இல்லை என்று சொல்லி, நாளைக்கு வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அரைமணி நேரத்தில் வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது. தாளிப்பு நின்றது. வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றாயிற்று. அப்பா மில்லிலிருந்து வந்து, "கிறுக்குப் புடிச்சுப்போச்சா ஊட்டுல எல்லாத்துக்கும்?" என்று சத்தம் போட்டார். ஆனால் கட்டிய வேப்பிலையை அவிழ்க்க அவர் கை போகவில்லை. காரமடைக்கு ஆள் அனுப்பி, வீட்டில் அம்மை பார்த்திருக்கிறது, ஒரு வாரம் பொறுத்து வாருங்கள் என்று சொல்லச் சொன்னார். அம்மை யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர்கள் எப்போதுமே வந்திருக்க மாட்டார்கள்.

அம்மை இறங்கத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்து எடுத்த தண்ணீர். ஒன்றுவிட்டு ஒருநாள், மூன்று முறை. நல்ல தண்ணீரில் விட்டால் கடல்மீன் செத்துவிடும் என்று சித்தப்பா கெஞ்சினார்.

"ஊத்தாம உட்டா மட்டும் பொழைச்சுக்குமுங்களா தம்பி?" என்றாள் அம்மா.

மீதி மூன்று மீன்களும் பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருந்ததால் சித்தப்பா சம்மதித்தார். சிறுவாணித் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு கொத்து வேப்பிலை. அத்தை மீன்களை வலையில் எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டாள். அவை துடித்து, அடியில் போய்ப் படுத்தன. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நிமிஷம் ஆனதும் வெளியே எடுத்தார்கள். அம்மை பார்த்த படுக்கையில் மறுபடியும் போடக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றதால், பீப்பாயிலிருந்து புதுக் கடல்நீரை ஒரு மண்தாழியில் ஊற்றி அதில் விட்டார்கள். சாயங்காலம் மூன்றும் நீந்தின. இரண்டாம் தண்ணீருக்கு வேறொரு தாழி. பழைய தொட்டி கொல்லையில் வெயிலில் காய்ந்தது.

அந்தப் புள்ளிகள் ஒருவகை ஒட்டுண்ணி என்றும், மீனிலிருந்து உதிர்ந்து தொட்டியின் அடியில் பெருகி மறுபடியும் மீனைப் பிடிக்கும் என்றும் நான் படித்தது பல வருஷங்கள் கழித்து. இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் அவை பின்தங்கிவிடும். அம்மாவின் சாஸ்திரம் அதைத்தான் செய்தது. மஞ்சளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் தண்ணீருக்கு அடுத்த நாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் கேட்டனுப்பியிருந்தார்கள். "பெரியவங்க சொல்றதை நம்பறதுக்கில்ல. முத்து போயிருச்சான்னு நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு" என்று என்னை அனுப்பினார். சித்தப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தாழியருகே குனிந்தேன். மூன்று மீன்களும் பளிச்சென்று இருந்தன. ஒரு புள்ளிகூட இல்லை.

"நல்லாப் பாரு கண்ணு. வாலுக்கிட்ட ரெண்டு முத்து இருக்குதல்ல?" என்றாள் பக்கத்தில் நின்ற அத்தை.

மறுபடியும் பார்த்தேன். சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர், யாரும் சொல்லாமலே, பம்பை எடுத்து மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னால் இருக்கத்தான் வேண்டும் என்று அப்பாவிடம் போய், "ரெண்டு இருக்குதுங்கப்பா" என்றேன்.

முத்து முழுக்க உதிராமல் கடைசித் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மூன்றாம் தண்ணீர் தள்ளிப்போயிற்று. காரமடைக்காரர்களுக்கு மாசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். அன்னூர்ப் பக்கம் ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டதாகச் சேதி வந்தது. அன்றே மீன்களுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை அவிழ்த்து, கடுகு தாளித்தார்கள். அத்தை வயிறாரச் சாப்பிட்டாள்.

எனக்கு மட்டும் ஒரு கவலை. ராத்திரிச் சோற்றின்போது, அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அவளுக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. நீ பேசாம உண்ணு" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, கேட்டால்கூட அரைக் கரண்டிக்கு மேல் விடாதவள், என் சோற்றில் இரண்டு கரண்டி நெய் ஊற்றினாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.