கேமராத் தலையும் கொளஞ்சியின் கையும்

கொளஞ்சி எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார். கல்யாண மண்டபமோ மாதா கோயில் திருவிழாவோ, தரை எந்தப் பக்கம் வாட்டமாக ஓடுகிறது என்று தெரியாமல் கேமராவைப் பையிலிருந்து எடுக்கமாட்டார். முத்தியால்பேட்டையில் மத்தியோவின் ஸ்டூடியோவில் அன்று தரைக்கு வேலை இல்லை. கேமரா மேலிருந்து தொங்கப்போகிறது. அதனால் ஏணியில் ஏறி நின்று, குறுக்கே போட்டிருந்த இரும்புக் குழாயின்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டிருந்தார். இடது கையால்தான் முறுக்கினார்.

வலது கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. முதலில் சாப்பாட்டு இலையில் தெரிந்தது. சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது பருக்கைகள் உதிர்ந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஒரு தாளில் வட்டம் போடச் சொன்னார். "பயப்படுற வியாதி இல்ல. நரம்பு நடுக்கம். மாத்திரை போட்டா கொஞ்சம் அடங்கும். முழுசா போவாது. வயசு ஏற ஏற கூடவும் செய்யலாம்" என்றார். அந்த அறைக்கு வெளியே இந்தச் சேதி தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ஆதிலட்சுமி. கை நடுங்கும் கேமராமேனை யார் கூப்பிடுவார்கள்?

கேமராவைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு வீடியோ கடையில் லைட் பிடிக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்துக் கேமரா தோளில் ஏறினால் மூட்டை மாதிரி கனக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்கையை விலாவில் ஒட்டவைத்து, தாலி முடிச்சு விழும்வரை அசையாமல் நிற்பார். "கொளஞ்சி எடுத்தா படம் நிக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சில்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் படிக்கவைத்து, கட்டிக் கொடுத்தார்.

நடுக்கம் வந்தபிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ட்ரைபாட் கைப்பிடியில் ரப்பர் பேண்டை மாட்டி, விரலால் அதை இழுத்துக் கேமராவைத் திருப்புவார். விரல் நடுங்கினாலும் ரப்பர் அதைத் தின்றுவிடும். படம் வெண்ணெய் மாதிரி நகரும். மத்தியோ அதை ஒரு பெரிய தொழில் ரகசியம் என்று நினைத்து, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியோவுக்கு நாற்பது வயது. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். சில வருடம் பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வீட்டு மாடியில் இந்த ஸ்டூடியோவைப் போட்டான். இப்போது கிடைத்திருக்கும் வேலை பெரியது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் முழுவதையும் சைகை மொழியில் படம் பிடிக்க வேண்டும். பாடம் நடத்தும் செந்தமிழ்ச்செல்வி டீச்சருக்கும் காது கேட்காது. அவர் விரல்கள் பேசும். ஒரு விரல் மடங்கியிருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதில் சொல்லே மாறிவிடும். அறையோ சின்னது. முதல் சில பாடங்களை எடுத்தபோது, உள்ளே ட்ரைபாடோடு நின்ற கொளஞ்சியின் நிழல் டீச்சரின் கைமேல் விழுந்தது.

அதற்காகத்தான் இந்த ரோபோ ஹெட் வந்திருந்தது. கேமராவைத் தாங்கித் திருப்பும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். கொளஞ்சி அதைத் தலை என்றே சொல்வார். இந்தத் தலைக்குள் மோட்டார் இருக்கிறது. மேலே குழாயில் மாட்டிவிட்டால், அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டியிலிருக்கும் சின்னக் குச்சியைத் தொட்டே கேமராவைத் திருப்பலாம்.

கொளஞ்சி அந்தக் குச்சியைக் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஊதினால் ஆடும்போல இருந்தது. இதில் எங்கே ரப்பர் பேண்டை மாட்டுவது? இடது கைக்கோ இவ்வளவு நுணுக்கம் வராது.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. தலையைக் குழாயில் பூட்டி, கேமராவை அதில் ஏற்றி, முன்னும் பின்னும் நகர்த்தி, கையை விட்டால் எந்தச் சாய்விலும் அப்படியே நிற்கும்படி எடையைச் சமன் செய்தார். கேபிள் இழுபடாமல் இருக்க ஒரு வளையம் விட்டுக் கட்டினார். சமன் சரியில்லை என்றால் மோட்டார் நாள் முழுவதும் கேமராவோடு மல்லுக்கட்டும் என்று பாரதி சொல்லியிருந்தாள். ஸ்டூடியோவில் ஒலியையும் கம்ப்யூட்டரையும் பார்ப்பவள் அவள். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். வாய் ஓயாது.

"மெசின் முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. மால எங்கண்ணே?" என்றான் மத்தியோ.

புதுச் சாமான் எதுவும் பூவில்லாமல் அங்கே ஓடாது. கொளஞ்சி காலையிலேயே பெரிய மார்க்கெட்டில் பருமனான சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார். தண்ணீர் தெளித்துத் தெளித்து அது ஈரத்தில் கனத்துக் கிடந்தது. கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலையைப் போட்டு, நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டினார். மத்தியோ தன் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டான்.

"வண்டின்னா எலுமிச்சம்பழத்த சக்கரத்துல வச்சு நசுக்கலாம். இத எதுல நசுக்குறது?" என்றாள் பாரதி.

"உன் வாயில வச்சு நசுக்கலாம். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்" என்றார் கொளஞ்சி.

கற்பூரம் காட்டியதும் பாரதி சுவிட்சைப் போட்டாள். தாங்கவேண்டிய எடையை மோட்டார் பார்த்துக்கொள்ளட்டுமா என்று பெட்டியின் திரை கேட்டது. ஆகட்டும் என்று தட்டினாள். தலை தானாக இடமும் வலமும் மேலும் கீழும் மெல்ல அசைந்தது. மாலையும் பழமும் கூடவே ஊசலாடின.

"மால விழுந்ததும் தலய ஆட்டுது பாரு, மாப்பிள்ள மாதிரி" என்று மத்தியோ சிரித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பிற்பகலில் செந்தமிழ்ச்செல்வி டீச்சர் வந்து மேசைக்குப் பின்னால் நின்றார். கொளஞ்சி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளுக்குள் மாத்திரையின் பேரைச் சொல்லிக்கொண்டே குச்சியில் விரல் வைத்தார். திரையில் டீச்சரின் கை முழுசாக நிறைந்து தெரிந்தது. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கை மட்டுமல்ல, பின்னால் இருந்த திரைச்சீலை, மேசை விளிம்பு, எல்லாமே பொடிப்பொடியாக அதிர்ந்தன.

அவர் மூச்சை அடக்கினார். முழங்கையை விலாவோடு ஒட்டினார். மணிக்கட்டை மேசையில் அழுத்தினார். படம் நிற்கவில்லை.

"கொஞ்சம் ஸ்டெடியாண்ணே" என்றான் பின்னால் நின்ற மத்தியோ.

"ம்."

"விரலே தெரியலண்ணே. புள்ளைங்க எதப் படிக்கும்?" அவன் குரல் தணிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, புதுசுல்ல, ஒங்களுக்குப் பழக்கமில்ல. பாரதி பாக்கட்டும். நீங்க உள்ள போயி லைட்டப் பாருங்க" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது கொளஞ்சிக்கு. எழுந்து நின்றார். லைட் பிடிக்க வந்தவன் லைட்டுக்கே போகிறான் என்று மனதில் ஓடியது. ஆதிலட்சுமியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி கதவில் கை வைத்தார்.

"அண்ணே, நில்லுங்க" என்று பாரதி கத்தினாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, போலீஸைக் கண்ட திருடன்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள். "நான் கையே வைக்கல. பாருங்க, அதுவா ஆடுது."

திரையில் எல்லாம் அப்படியே அதிர்ந்துகொண்டிருந்தது.

பாரதி திரையில் எதையோ புரட்டினாள். நகத்தைக் கடித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாலைண்ணே! மாலையோட எட பாத்துட்டோம். அவ்ளோ கனத்தையும் தூக்கணும்னு மோட்டார் முறுக்கிக்கிட்டு நிக்குது. மாலைய எடுத்துட்டோம். முறுக்கு எறங்கல. அதான் நடுங்குது."

மத்தியோ விழுந்து விழுந்து சிரித்தான். "பாவம், அண்ணன் மேல பழி போட்டனே. மன்னிச்சுக்கோங்கண்ணே. பிரான்சுல இத செஞ்சவன்கிட்ட போன் பண்ணிக் கேட்டிருந்தா ஜென்மத்துக்கும் கண்டுபிடிச்சிருக்கமாட்டான்."

கொளஞ்சியும் சிரித்தார். கதவிலிருந்து கையை எடுத்தார். பூவில்லாத கேமராவை வைத்து மறுபடி எடை பார்த்தார்கள். இப்போது படம் சுவரில் அடித்த ஆணிபோல நின்றது.

"வாங்கண்ணே, ஒங்க சீட்டு" என்று மத்தியோ நாற்காலியைத் துடைத்துவிட்டான்.

கொளஞ்சி உட்கார்ந்து குச்சியைத் தொட்டார். டீச்சர் கையை உயர்த்தினார். படத்தில் ஒரு சின்ன நடுக்கம். முன்பு இருந்த பொடி அதிர்வு இல்லை. இது வேறு. மெதுவான, விட்டுவிட்டு வரும் ஆட்டம். இலையில் சோறு உதிர்த்த அதே ஆட்டம்.

"இன்னும் செட் ஆவல போல" என்றான் மத்தியோ. "சனியன் புடிச்ச மெசின். பாரதி, கம்பெனிக்கு எழுது. ஆள் அனுப்பட்டும். இன்னைக்கு விட்டுடலாம்."

பாரதியின் கண் திரையிலிருந்து கொளஞ்சியின் கைக்கு வந்து, மறுபடி திரைக்குப் போனது.

தப்பிக்க இதைவிட நல்ல வழி வராது என்று கொளஞ்சிக்குத் தெரிந்தது. கம்பெனி ஆள் வரும்வரை ட்ரைபாட் இருக்கிறது, ரப்பர் பேண்டு இருக்கிறது. ஒருமுறை மெஷின் மேல் விழுந்த பழி இன்னும் நாலுமுறை விழும். ஆனால் உள்ளே டீச்சர் கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். படம் நிற்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். தானும் அப்படி மூச்சடக்கி நின்றவர்தான் கொளஞ்சி. அசையாமல் நிற்கிற ஒரு கையை ஆட்டிக் காட்டுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

"மெசின்ல ஒண்ணும் இல்லப்பா" என்றார். வலது கையைக் குச்சியிலிருந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் நீட்டினார். "இதான் ஆடுது."

மத்தியோ அந்தக் கையைப் பார்த்தான்.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசம்."

"ஒரு வார்த்த சொல்லலியேண்ணே."

"சொல்லியிருந்தா கேமரா குடுத்திருப்பியா?"

மத்தியோ தரையைப் பார்த்தான். அதற்குப் பதில் இருவருக்குமே தெரியும். பொய் சொல்லாமல் சும்மா இருந்தானே என்று கொளஞ்சிக்கு அவன்மேல் மரியாதை வந்தது.

உள்ளே இருந்த டீச்சர் வெளியே வந்தார். கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கைப்பேசியில் தட்டி கொளஞ்சியிடம் காட்டினார். "எனக்கு முதல் நாளே தெரியும். கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் படம் நன்றாக இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை."

கொளஞ்சி அதை இரண்டுமுறை படித்தார்.

"ஒரு வழி இருக்குண்ணே" என்றாள் பாரதி. அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "குச்சி இவ்ளோ தூரம் நகந்தாதான் கேமரா நகரணும்னு ஒரு எல்ல வைக்கலாம். அதுக்குள்ள எவ்ளோ ஆடினாலும் கண்டுக்காது. ஆனா எங்க வைக்கணும்னு தெரியணும். நீங்க கைய குச்சியில வச்சு அப்படியே விட்டுடணும். அடக்கக்கூடாது. அது ஆடட்டும்."

இரண்டு வருடமாக அவர் செய்துவந்ததெல்லாம் அடக்குவதுதான். பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், கையெழுத்துப் போடும் இடத்தில். மூன்றுபேர் பார்க்க ஒரு கையை அதன் போக்கில் விடுவது எப்படி என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. குச்சியில் விரல் வைத்தார். மணிக்கட்டு தானாக இறுகியது.

"விடுங்கண்ணே."

விட்டார். கை ஆடியது. திரையில் ஒரு கோடு மேலும் கீழுமாகத் தன்னைத்தானே வரைந்துகொண்டு போனது. மத்தியோ அவருக்குப் பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். கோடு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே பாரதி எல்லையை வைத்தாள்.

படம் நின்றது. ஆனால் கொளஞ்சிக்கு உடனே வேறொன்று தெரிந்தது. நடுக்கத்தோடு சேர்த்து, அவர் வேண்டுமென்றே கொடுக்கும் மெல்லிய தொடுதலும் போய்விட்டது. ஒரு விரல் உயரும்போது கூடவே மயிரிழை உயர்ந்து கொடுக்கும் அசைவு இனி இந்தக் குச்சியில் வராது. கேமரா அரைநொடி தாமதித்தே கிளம்பியது. "டீச்சர் ஒரு சொல் முடிஞ்சதும் கைய ஒரு நிமிசம் மேசையில வச்சுட்டு எடுத்தாங்கன்னா, அடுத்த கை எங்க வருமோ அங்க நான் கேமராவ முன்னாடியே கொண்டுபோயி நிறுத்திக்குவேன்" என்றார். பாரதி அதைச் சைகையில் தத்துப்பித்தென்று சொன்னாள். டீச்சர் சிரித்து, அவள் சைகையைத் திருத்திவிட்டு, தலையசைத்துக்கொண்டே உள்ளே போனார்.

"அலே, ஆரம்பிக்கலாம்" என்று பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னான் மத்தியோ.

ஒளிவிலகல் பாடம். தண்ணீர் டம்ளரில் பென்சில் வளைந்து தெரிவதை டீச்சரின் விரல்கள் சொல்லின. கொளஞ்சி விரல்களுக்கு முன்பாகவே போய் அவற்றுக்காகக் காத்து நின்றார்.

இடைவேளையில் மத்தியோ தானே கடைக்குப் போய் டீ வாங்கி வந்தான். கொளஞ்சிக்குக் கொடுத்த கிளாஸில் பாதிதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். மத்தியோ வேறெங்கோ பார்த்தான்.

"மீதி எங்கப்பா?"

"இன்னொரு கிளாஸ்ல இருக்குண்ணே. குடிச்சதும் ஊத்துறேன்."

சிந்தாமல் குடித்தார். சூடு தொண்டையில் இறங்கியது. இந்த நடுக்கம் கூடும். எல்லையையும் கூட்டிக்கொண்டே போகலாம். எதுவரை என்று அந்தப் பெட்டிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதுவரை என்னை வைத்துக்கொள்வாயா என்று கேட்க நினைத்தவர், கேட்காமல் கிளாஸை நீட்டினார்.

மத்தியோ மீதியை ஊற்றிக்கொண்டே, "நாளைக்கு லென்சு பாடம்ண்ணே. மேசையில சாமான் நெறய இருக்கும். கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க" என்றான்.