ஸ்கவுட்டிடம் மகனைக் குறை சொன்னேன்

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. மொன்றியலில், லாசால் பகுதியில் ஒரு மாடிக் கட்டிடத்தில் குடியிருந்தோம். பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாகக் கிடந்த பங்குனி மாதம். மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், ஃபுட்போல் விளையாடிக்கொண்டிருந்தான். காலால் உதைக்கிற பந்து இல்லை. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்துக்காக இடிபட்டு விழுகிற விளையாட்டு. அதிலும் இவன் பந்தையே தொடுவதில்லை. ஓடிவருகிறவர்களை மறித்து நிற்பதுதான் வேலை. இதற்காகவா இவ்வளவு சோறு போட்டேன் என்று நினைத்ததுண்டு!

ஆனால் அவனுக்கு அதுதான் உயிர். தொழில்முறை அணிகள் வருடத்தில் ஒருமுறை பல்கலைக்கழகப் பையன்களை ஒவ்வொருவராகத் தெரிவுசெய்யும். அதை டிராஃப்ட் என்பார்கள். அவர்களுக்காக ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பார்த்து வைக்கிறவர் ஸ்கவுட். அப்படி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

"என்ர விளையாட்டை அவர் பார்த்திட்டார் அம்மா. நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு உங்களிட்டக் கேக்கத்தான் வாறார்" என்றான் மகன்.

வந்தார். நல்ல மனுசன். வடையை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு, "மகன் கடும் உழைப்பாளியா?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையை வெளியாளிடம் புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும், கண் பட்டதுபோல. அதுவும் டிராஃப்ட் நெருங்குகிற நேரத்தில்! என் வாய் தன்பாட்டில் திறந்தது. சரியான சோம்பேறி என்றேன். காலையில் எழும்பமாட்டான், சொல்வழி கேட்கமாட்டான், சாப்பாடு ஒன்றுதான் ஒழுங்காக நடக்கும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் அதற்கே செலவழித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நாவூறு கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"அப்ப நான் சோம்பேறி இல்லையோ அம்மா? சின்னனில இருந்து எல்லாரிட்டயும் இதைத்தானே சொல்லுறியள். நான் உண்மை எண்டெல்லோ நினைச்சனான்."

இவ்வளவு காலமும் அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் அவனுடைய பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். கியூபெக்காரர். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தான் எடுத்துச் சொல்லிப் பயனில்லையாம். எந்தப் பயிற்சியாளரும் தன் பையன்களை உயர்த்தித்தான் பேசுவார், அதனால் ஸ்கவுட்மார் அதில் பாதியைக் கழித்துவிடுவார்களாம். "நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், மதாம்" என்று ஸ்கவுட்டின் இலக்கத்தைக் கொடுத்தார்.

உடனேயே அவரை அழைத்தேன். முருகா, நீதான் துணை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தொடங்கினேன். மார்கழிக் குளிரிலும் விடிய முன்னமே எழும்பி ஓடுகிற பிள்ளை என்றேன். நான் ஐஸில் வழுக்கிக் கை முறித்துக்கொண்டபோது ஒரு மாதம் அவன்தான் சமைத்தான், கறி கருகினாலும் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை என்றேன். தொடங்கியதை நிறுத்த முடியவில்லை! அந்த மனுசன் இடையில் "மதாம், மதாம்" என்று எத்தனையோ தரம் கூப்பிட்டார், நான் விட்டால்தானே.

கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவர் சிரித்தார். பெற்றோர் எல்லாரும் குறையைத்தான் மறைப்பார்கள், அதைத் தோண்டி எடுப்பதே தன் வேலை, நல்லதை மறைத்த தாயை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். எடுப்போம் என்றோ விடுவோம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு மகன் நிற்கிறான். அவ்வளவு பெரிய உடம்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா" என்றான். கட்டிப்பிடித்துச் சொன்னேன். தமிழில், ஆறுதலாக, முதலிலிருந்து.

டிராஃப்டில் கடைசிச் சுற்றில்தான் அவன் பெயர் வந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடி மேலே வந்துவிட்டார். ஆனால் அந்த வருடத்தில் எது பெரிய சந்தோசம் என்று கேட்டால், மகன் டிராஃப்டைச் சொல்லமாட்டான். நான் எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் சொல்வான்.

இன்றைக்கும் யாராவது அவனைப் பற்றி விசாரித்தால், அவன் காதுபட வாய் நிறைய நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாவூறு பட்டால் கழித்து நெருப்பில் போடச் செத்தல் மிளகாய் இருக்கிறது, புகைக்கு அலாரம் அலறினால் அலறிவிட்டுப் போகட்டும்.