வலது பக்கக் கைப்பிடி

என் அண்ணனுக்கு மீன் பிடிப்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம். குன்னத்தில் மக்காச்சோளம் அடிக்கும் மெஷினில் இடது கை விரல்கள் மூன்று போன பிறகு, நைலான் நரம்பைக் கையாலேயே இழுத்துச் சுருட்டும் தூண்டில் அவருக்கு ஆகாமல் போனது. ஆளே பாதியாகிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த எங்கள் மச்சான், கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு தானாகச் சுருளும் தூண்டில் ரீல்கள் இரண்டை, அவற்றை மாட்டும் ராடோடு கொண்டுவந்தார். "ஆளுக்கு ஒண்ணு, நீங்களே பாத்துப் பிரிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்று பெரியது, கடலில் படகிலிருந்து போடுவதற்கானது. நரம்பு சுற்றிய உருளை கனமாக இருக்கும். கைப்பிடி வலது பக்கம். இன்னொன்று சின்னது. வெறும் மண்புழுவைக் கோர்த்து வீசினாலும் நரம்பு சரசரவென்று உருவிக்கொண்டு நடுத்தண்ணிக்குப் போகும். அதன் கைப்பிடி இடது பக்கம் இருந்தது.

சின்னதைத் தொட்டதுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, உனக்கு வலது கைதானே சுத்த வரும்? பெருசை நீ வச்சுக்க" என்றேன், என்னவோ கர்ணன் பரம்பரை மாதிரி! அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. சின்ன ரீலின் மூடியைத் திருகி எடுத்தால் கைப்பிடியை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று படம் போட்டிருந்தது. பார்த்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துத் தண்ணீர் நின்ற பள்ளத்துக்குப் போவோம். கரையிலேயே ஆழம். மீன் தள்ளித்தான் கிடக்கும். அண்ணன் மெதுவாக வீசினால் அந்தக் கனத்த உருளை சுற்றாது. வேகமாக வீசினால் நிற்காமல் சுற்றி நரம்பு சிக்காகிவிடும். ஒரு கையும் பல்லுமாகப் பிரித்துக்கொண்டிருப்பார். "எழவு, எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு" என்று சிரிப்பார். நாலு வாரத்தில் அதை வீட்டில் போட்டுவிட்டு, சும்மா என்னோடு வந்து உட்கார ஆரம்பித்தார். என் மீன்பையைக் காக்காயிடமிருந்து காப்பதுதான் அவர் வேலை.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். நாளாக ஆக, முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் வேறு. இப்படியே மூன்று வருஷம். சீ, என்ன ஜென்மம் நான்!

ஒருநாள் டீ வாங்கப் போய்த் திரும்பினேன். அண்ணன் என் ராடை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்கை நீள விரால் ஒன்று கரையேறித் துள்ளியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை, விரல்கள் போனதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

"டேய், சும்மா நோண்டிப் பாத்தேன். மூடியைத் திருகுனா வலப்பக்கமும் மாட்டுதுடா! உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அதானே. தெரிஞ்சிருந்தா நீ சொல்லாமயா இருப்ப?"

கிளம்பும்போது மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, கைப்பிடியை மறுபடி இடது பக்கமே மாட்டினார். வேட்டி முனையால் துடைத்து நீட்டினார்.

"இந்தா, உனக்கு இந்தப் பக்கம்தானே பழக்கம்."

நானும் வாங்கிக்கொண்டேன்.