இன்றே பதில் தரவும்

1973-இல் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது வீரையாவுக்கு வயது இருபத்திரண்டு. அவருடைய அண்ணன் கப்பலேறவே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, இந்தியா திரும்புவதைப் பற்றிக் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து இருவருக்கும் கடிதம் வந்தது. வீரையா அன்றே பதில் எழுதினார். அண்ணன் சிரித்துக்கொண்டே நாளைக்கு என்றார். திரும்புவோர் பட்டியலில் அண்ணனின் பெயர் விடுபட்டது. அதன்பின் இருவரும் சந்திக்கவே இல்லை.

கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த வீரையா, அரசாங்கத் தாள் எது வந்தாலும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் சொல்லும் மனிதராகிப் போனார்.

2007 ஜனவரி, ஒரு சனிக்கிழமை மாலை. ஏழு ரோடு சந்திப்பில் விக்னேஷ் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு, மகள் ஜெயா அனுப்பும் மெயிலைப் பார்க்கப் போனார். ஜெயா குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்ததெல்லாம் அப்பா, மகள் இருவர் பெயரிலுமுள்ள வங்கிக் கணக்கில் இருந்தது. ஏப்ரலில் ஊரோடு வந்து தையல் கடை போடுவதாக முடிவு. கடைக்கு முன்பணம் அனுப்புவதற்காக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் மெயில் இல்லை. வங்கியின் சின்னத்தோடு வேறொன்று இருந்தது. விக்னேஷ் படித்துச் சொன்னான்: நாளைக்குள் பாஸ்வேர்டு உள்ளிட்ட விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.

"அவசரப்படாதீங்கண்ணே. உங்க பேரே இல்ல, 'அன்புள்ள வாடிக்கையாளரே'ன்னு மொட்டையா கெடக்கு. அனுப்புன அட்ரஸும் பேங்க் அட்ரஸ் மாதிரி தெரியல. பாஸ்வேர்ட அவங்க எதுக்குக் கேக்கணும்? திங்கக்கெழம வெள்ளனே நேர்ல போய்க் கேட்டுருங்க."

"அதுக்குள்ள பேர வெட்டிட்டா?"

"யாருண்ணே வெட்டுறாங்க? ரேஷன் கார்டா இது?"

"எங்கண்ணனும் இப்பிடித்தான் சிரிச்சாரு தம்பி. நீ அடி."

விக்னேஷ் பாஸ்வேர்டை டைப் அடித்தான். 'நன்றி' என்றது திரை. ஞாயிறு முழுக்க வீரையா நிம்மதியாக இருந்தார்.

திங்கட்கிழமை கணக்கில் நானூறு ரூபாய் சொச்சம்தான் இருந்தது. "எந்த பேங்கும் மெயில்ல பாஸ்வேர்ட் கேக்காதுங்க. அப்படிக் கேட்டாலே பொய்னு வச்சுக்கங்க," என்றார் மேலாளர். பணம் வடக்கே ஏதோ ஊர்க் கணக்குக்குப் போய், அங்கே எடுக்கப்பட்டும் விட்டது. காவல் நிலையத்தில் திண்டுக்கல்லுக்குப் போகச் சொன்னார்கள். வத்தலக்குண்டில் பஸ் மாறி அங்கே போனால், கம்ப்யூட்டர் சோலியெல்லாம் சென்னையில்தான் என்றார்கள். சென்னைக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினார். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினார். அதற்கும் இல்லை.

போனில் சொன்னபோது ஜெயா திட்டவில்லை. "கடைச் சொந்தக்காரர்கிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிருங்கப்பா," என்றாள்.

ஏப்ரலில் அவள் குவைத்திலேயே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.