மதகடியில் எரிந்த வண்டி

செப்டம்பர் 9, செவ்வாய்

விமானம் ஹீத்ரோவில் இறங்கியபோது காலை 6.40. பதினைந்து நிமிடத் தாமதம். குடிவரவு வரிசையில் ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றேன். எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். பள்ளித் தோழனைப் பார்க்க என்றேன். பார்த்து எத்தனை வருடம் என்றார். இருபத்தெட்டு என்றேன். அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

குகதாசன் வாசலில் நின்றான். தலை முழுவதும் வழுக்கை; நடை மட்டும் மாறவில்லை. சுரங்க ரயிலுக்கு ஆளுக்கு ஐந்து பவுண்ட் எண்பது பென்ஸ். லெஸ்டர் ஸ்குவெயரில் இறங்கி வேறு பாதைக்கு மாறி, கோலியர்ஸ் வுட் நிலையத்தை அடைய ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அங்கிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. என் பெட்டியை அவனே இழுத்து வந்தான். மழை தூறியது, அதை அவன் மழையென்றே எண்ணவில்லை.

குகன் ஒரு கவுன்சிலில் வாகனத் தண்டப் பிரிவில் இருக்கிறான். மஞ்சள் கோட்டில் நிறுத்திய கார்களின் படங்களைப் பார்த்து, தண்டம் சரியா பிழையா என்று தீர்ப்பது அவன் வேலை.

"படமில்லாட்டி தண்டமில்லை மச்சான். அவ்வளவுதான் சட்டம்."

பின்னேரம் வீடு திரும்பியதும் சம்பளமில்லாத இரண்டாவது வேலை தொடங்கும். உக்ரைன் போரில் அழிந்த யுத்தத் தாங்கிகள், கவச வண்டிகள், பீரங்கிகள் ஆகியவற்றை, இரு தரப்பினதையும், ஒவ்வொன்றாகப் படத்தைக் கொண்டு உறுதிசெய்து பட்டியலிடும் தன்னார்வலர் குழு ஒன்றில் அவன் மூத்தவன். அங்கேயும் அதே சட்டம். படம் இல்லையென்றால் இழப்பு இல்லை. ஒரே வண்டியை இருவர் வெவ்வேறு பக்கத்திலிருந்து எடுத்திருந்தால், அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஒன்றாகவே பதிய வேண்டும்.

மாடியறையில் மூன்று திரைகள். "காலமை கார், பின்னேரம் கவச வண்டி. ரெண்டும் நிக்கக்கூடாத இடத்திலை நிண்டதுகள்" என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் என் மேசையில் ஒரு திரைகூடக் கிடையாது. நான் நில அளவைப் படவரைஞன். இருபத்தாறு வருடமாகப் பிறருடைய காணி எல்லைகளைக் கோடு பிசகாமல் வரைகிறேன். அவற்றை யாரும் நாடு நாடாகப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 10, புதன்

மாலை 7.00. குகனின் குழு திரையில் கூடியது. ஐந்து நாடுகளிலிருந்து ஒன்பது முகங்கள். பாதிப் பேர் எங்கள் பிள்ளைகளின் வயது. ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் காட்டிக் குகனின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சில்லுகளை எண்ணி, "இது அந்த வகையில்லை, இதற்குப் பக்கக் கதவு இல்லை" என்பான். உடனே எல்லாரும் எழுதிக்கொள்வார்கள்.

எப்படி இவ்வளவு நுட்பமாக அறிகிறீர்கள் என்று ஒரு இளம்பெண் கேட்டாள். குகன் நாற்காலியில் சாய்ந்தான். நாங்கள் போருக்குள் வளர்ந்தவர்கள், விமானம் கண்ணுக்குத் தெரியுமுன்பே ஒலியைக் கொண்டு இன்னதென்று சொல்லிவிடுவோம், எங்கள் வகுப்பில் முதலில் கை உயர்த்துபவன் நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

முதலில் கை உயர்த்தியவன் நான். ஹெலியா, பொம்மரா, சகடை என்று நாங்கள் அழைத்த அந்தப் பருத்த விமானமா என்பதை நான் சொல்லித்தான் வகுப்பு பங்கருக்கு ஓடும். குகன் ஒருமுறை பக்கத்து வளவில் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கேட்டு ஹெலி என்று கத்தி, எட்டாம் வகுப்பு முழுவதையும் பங்கருக்குள் இறக்கியவன்.

கூட்டம் முடிந்ததும் கேட்டேன். "குகன், முதல் கை உயர்த்தினது நீயோ?"

"ஏன், இல்லையோ?" அவன் உண்மையாகவே யோசித்தான். "நாங்கள் ரெண்டு பேரும்தானே மச்சான்."

பிறகு, தான் மிகவும் பெருமைப்படும் பதிவென்று ஒன்றைத் திறந்து காட்டினான். உக்ரைனில் ஓர் ஊரின் மதகருகில் சரிந்து எரிந்துபோன கவச வண்டி. வலப்பக்கச் சில்லுகளைச் சுற்றியோடும் சங்கிலி கழன்று வீதிக்குக் குறுக்கே கிடந்தது. கிங்ஸ்பரியில் றீற்றா அக்கா என்ற மன்னார்ப் பெண்ணின் வீட்டில் தங்கியிருக்கும் ஒக்சானா என்ற உக்ரைன் பெண்ணின் தம்பி, இந்த வகை வண்டியின் சாரதி. வண்டி அந்த ஊரருகே அடிபட்டது என்று உடனிருந்த வீரன் ஒருவன் சொல்லியிருக்கிறான். உடல் கிடைக்கவில்லை. அந்த ஊரில் அந்த வகை வண்டியின் படம் இது ஒன்றுதான். குகனே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறான்.

"அவவுக்கு இப்ப ஒரு இடம் இருக்கு. அதுதான் வித்தியாசம்" என்றான்.

என் அண்ணரும் அவர் ஓட்டிய லொறியும் ஒரே நாளில் காணாமல் போனதை அவன் அறிவான். லொறியின் இலக்கம் எனக்குத் தெரியும்; எங்கே நின்றதென்று தெரியாது. படமும் இல்லை. குகனின் சட்டப்படி அந்த லொறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று நான் மூன்று பேர்மீது பொறாமைப்பட்டேன். குகன்மீது. முன்பின் பார்த்திராத ஒக்சானாமீது. எரிந்த இடத்தோடும் இலக்கத்தோடும் ஒரு பட்டியலில் இருந்த அவளுடைய தம்பிமீதும்.

செப்டம்பர் 11, வியாழன்

குகனும் மனைவியும் 7.50க்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நகரைப் பார்த்து வரும்படி வரைபடமும் பயண அட்டையும் தந்திருந்தான். பேருந்துக் கட்டணம் ஒரு பவுண்ட் எழுபத்தைந்து பென்ஸ் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். போகவில்லை. பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி திறந்திருந்தது. ஒக்சானாவின் பதிவை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் பிழை இருக்க வேண்டும் என்று விரும்பியே தேடினேன்.

பகல் 2.20க்குக் கிடைத்தது. வேறொரு தன்னார்வலர் வேறொரு ஊரின் பெயரில் பதிந்திருந்த படம். ஆளில்லா விமானம் மேலிருந்து எடுத்தது. மரங்கள் மொட்டையாக நின்றன. குகனின் படமோ தரையிலிருந்து எடுத்தது, மரங்களில் இலை அடர்ந்திருந்தது. அதனால்தான் ஒருவருக்கும் பொறி தட்டவில்லை. ஆனால் எனக்கு மேலிருந்து பார்ப்பதுதான் தொழில். காகிதம் எடுத்து வரைந்தேன். ஐந்து மரம், ஓர் இடைவெளி, இரண்டு மரம். இரண்டாம் மூன்றாம் மின்கம்பங்களுக்கு நடுவே மதகு. மூன்றாம் கம்பம் வடக்கே சாய்ந்தது. குறுக்கே கிடந்த சங்கிலியின் வளைவுகூட ஒன்றே. இரண்டும் ஒரே வண்டி. மேலிருந்து எடுத்த படம் குகனின் படத்துக்கு மூன்று வாரம் முந்தியது. ஒக்சானாவின் தம்பி அதற்குப் பிறகும் அவளோடு தொலைபேசியில் பேசியதாகக் குகன் சொல்லியிருந்தான். ஆகவே இது அவன் வண்டியல்ல.

நான் இவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு படம் வரைந்து பல காலம்.

6.10க்குக் குகன் வந்தான். சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"குகன், உன்ரை வண்டியொண்டு ரெண்டு தரம் செத்திருக்கு."

"எது?"

காகிதத்தை நீட்டினேன். பார்த்ததும் அவன் முகம் மாறியது. "என்னடாப்பா, இத்தனை ஆயிரத்துக்குள்ளை உனக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

அவன் கோட்டோடேயே உட்கார்ந்து ஒன்றரை மணிநேரம் அளந்தான். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினான்.

"நீ சொன்னதுதான் சரி மச்சான்."

எட்டாம் வகுப்பிலிருந்து காத்திருந்த வாக்கியம். ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கும்வரை இனித்தது. அதன்பிறகு நான்தான், "விடன் குகன். ஒரு வண்டிதானே. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரிய வேண்டாமோ? பிழையான இடத்தை வைச்சு அழ விட ஏலாது."

இதிலும் அவன் என்னைவிட ஒருபடி மேலே நின்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

குழுவில் இன்னும் இருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். பட்டியலில் ஒரு வரி நீக்கப்பட்டது. திருத்தம் கண்டவர் என்ற இடத்தில் குகன் என் பெயரைப் போட்டான். நான் ஒருமுறைதான் பார்த்தேன்.

செப்டம்பர் 13, சனி

காலை 10.05க்குப் புறப்பட்டோம். லண்டன் பிரிட்ஜில் மாறி, கிங்ஸ்பரிக்கு ஒரு மணி எட்டு நிமிடம். எதிரே இருந்த கிழவர் தன் நாய்க்குப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தார். வேறு நாளென்றால் நாங்கள் சிரித்திருப்போம்.

றீற்றா அக்கா கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும். "வாங்கோ தம்பியவை. இவர்தானே யாழ்ப்பாணத்தாலை வந்தவர்? எங்கடை பிள்ளைக்கு இப்ப புட்டு அவிக்கத் தெரியுமெல்லோ."

"ஓம். புட்டு. கல்லு மாதிரி" என்று உள்ளிருந்து ஒரு குரல். ஒக்சானா முப்பது வயதுக்காரி. கை முழுவதும் மா. எனக்கும் குகனுக்கும் ஒரே மரியாதையாக, "வாங்கோ அண்ணை" என்றாள்.

முன்னறையில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம் சட்டமிட்டு நின்றது. மதகு, சங்கிலி, இலை அடர்ந்த மரங்கள். போன மாதம் அவன் ஆத்துமாவுக்காகக் கோவிலில் பூசை கொடுத்ததாக றீற்றா அக்கா சொன்னார்.

குகன் என்னைப் பார்த்தான். கண்டுபிடித்தவன் நான், நான்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கி, காகிதத்தையும் மேலிருந்து எடுத்த படத்தையும் விரித்தேன். மின்கம்பங்களுக்கு வருமுன்பே அவள் மொட்டை மரங்களில் விரலை வைத்தாள்.

"அவன் கடைசியாகப் பேசியபோது, இங்கே எல்லாம் பூத்திருக்கிறது அக்கா என்று சொன்னான்" என்றாள் ஆங்கிலத்தில்.

அதற்குமேல் நான் விளக்கவில்லை. அவள் எழுந்து சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்தாள்.

"கிழிக்காதை பிள்ளை" என்றார் றீற்றா அக்கா.

அவள் கிழிக்கவில்லை. படத்தின் மூலைகளை நீவிக் குகனிடம் கொடுத்தாள். "இதற்குள்ளும் ஒருவன் இருந்திருப்பான். அவனை யாராவது தேடி வந்தால் கொடுங்கள்."

பிறகு தாயைத் தொலைபேசியில் அழைத்தாள். மறுமுனையில் கேட்டது அழுகையா சிரிப்பா என்று எங்களுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. புட்டு ஆறிப்போனது. றீற்றா அக்கா அதை மீண்டும் சூடாக்கி, யாரும் கேளாமலே பரிமாறினார்.

பேசிவிட்டு வந்து அவள் எனக்கு எதிரே அமர்ந்தாள். என் அண்ணரைப் பற்றிக் குகன் அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறான்.

"உங்கள் வீட்டில் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், அண்ணை?"

வருடம், மாதம், நாள் எல்லாம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறேன். அவள் முகத்தில் ஒரு மணிநேரத்துக்கு முன் இல்லாத ஒன்று வந்திருந்தது. அதைக் கண்டும் பொறாமைப்பட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கடைசியாக எப்போது இருந்தது என்பது மட்டும் என் நாட்குறிப்பில் இல்லை.

"கொஞ்சக் காலம்" என்றேன்.

அவள் குகனைப் பார்த்தாள். படமில்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவன் என்று அவளுக்குத் தெரியும்.

"ஓம்" என்றான் குகன். "கொஞ்சக் காலம்தான்."

செப்டம்பர் 14, ஞாயிறு

விமானம் இரவு 8.35க்கு. குகன் ஹீத்ரோவரை வந்து பெட்டியைத் தானே நிறுத்துப் பார்த்தான், இருபத்திரண்டரைக் கிலோ. அடுத்த வருடமும் வா என்றான். வாறன் என்றேன்.

லண்டன் எப்படி என்று ஊரில் கேட்பார்கள். கோபுரத்தையும் அரண்மனையையும் நான் பார்க்கவில்லை. ஒரு மாடியறையையும் அதில் ஒரு பட்டியலையும் பார்த்தேன். அந்தப் பட்டியலில் பிழை இருந்தது. பிழையைக் காட்ட முடிந்தது, காட்டியபோது திருத்தினார்கள், திருத்தியதைக் கதவைத் தட்டி வந்து சொன்னார்கள். நானும் ஊரில் அண்ணரைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டியவன்தான். எந்த மேசையிலும், பிழை பிடிப்பதற்காவது ஒரு தாளை எவரும் என் முன் எடுத்து வைக்கவில்லை.