சுழி புக்கு தங்கவேல்

உறுவையாறு தங்கவேலைப் பத்தி எழுதித் தரச் சொல்லி எங்க ஊர் வாசகர் வட்டத்துக்காரங்க வந்து நின்னாங்க. ஊருல எத்தனையோ பெரிய மனுஷன் இருக்க இவனைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேட்டேன். நான் அஞ்சாம் வகுப்போட நின்னவன். இன்னைக்கு வில்லியனூருல இராமச்சந்திரன் மாவு மில்லு எங்கன்னு கேட்டா சின்னக் குழந்தையும் கை காட்டும். தங்கவேல் எட்டாவது வரைக்கும் படிச்சவன். அவன்கிட்ட இருக்கறது ரெண்டு பசு மாடு, ஒரு மூக்குக் கண்ணாடி. மூனு வருஷம் கூடப் படிச்சதுக்கு அவனுக்குக் கிடைச்சது அவ்வளவுதான்.

பதினாலு வயசுல கரும்பு வண்டி ஓட்ட வந்தான். அப்ப ஆலை வாசல்ல நூறு வண்டி வரிசை கட்டும். எடை போட்டு வெளிய வர ஒரு நாள் ஆயிடும். மத்த வண்டிக்காரங்க சீட்டாடுவாங்க, வண்டிக்கடியில படுத்துத் தூங்குவாங்க. இவன் மட்டும் கரும்பு வெட்ட ஆலை குடுக்கற கட்டிங் ஆர்டர் சீட்டையும் பென்சிலையும் எடுத்துக்கினு ஒவ்வொரு மாடா போய் முதுகைத் தடவிக்கினு நிப்பான். என்ன சுழி, எங்க இருக்கு, யாரு மாடு, எத்தனை வருஷமா இழுக்குது, அது வந்த பிறகு அந்த வூட்டுல நடந்த நல்லது கெட்டது என்ன, எல்லாத்தையும் கேட்டு சீட்டுக்குப் பின்னாடி எழுதிக்குவான்.

இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சுழின்னா தெரியாது. மாட்டு உடம்புல முடி வட்டமா சுத்தியிருக்குமே, அதான். சில சுழி இருந்தா வூடு விளங்கும்பாங்க. முதுகுல பாடைச் சுழி இருந்தா அந்த வூட்டுல பொணம் விழும், சொத்து அழியும்பாங்க. தரகன் இதைச் சொல்லித்தான் விலைய ஏத்துவான், இறக்குவான். எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. எங்கப்பா முத்துக்கண்ணு வாங்கின மயிலைக் காளைக்குப் பாடைச் சுழி. அது வந்த ரெண்டாம் வருஷம் எங்க மூனு காணி நிலமும் போச்சு. அந்த மாடு அழிச்ச வூட்டைத்தான் நான் ஒத்த ஆளா தூக்கி நிறுத்தினேன். இதை நான் சொல்லாத கல்யாண வூடு கிடையாது.

தங்கவேல் பதினோரு வருஷம் எழுதினான். முன்னூத்திப் பன்னெண்டு மாடு. எழுதி முடிச்சிட்டு கண்டுபிடிச்சது என்னான்னா, சுழிக்கும் வூட்டுக்கும் சம்பந்தமே இல்லையாம். பல்லைப் பாரு, காலைப் பாரு, மாட்டை வாங்குன்னான். இதை ஒரு வாட்டி வாயால சொல்லிட்டுப் போயிருக்கலாம். எண்பத்தொன்னுல வில்லியனூர் அச்சாபீசுல நாப்பத்தெட்டுப் பக்கத்துக்கு முன்னூறு புத்தகம் போட்டான். பதினொன்னு வித்துது. அதுல நாலைத் தரகனுங்க வாங்கி இவன் மூஞ்சியிலயே வீசினானுங்க. மிச்சம் பரண் மேல கெடந்து, மழை ஒழுகினப்போ அவன் பொண்டாட்டி ஜெயா பழைய பேப்பருக்குப் போட்டுச்சு. வாங்கினது நான்தான். அப்பத்தான் பெட்டிக் கடை வச்சிருந்தேன். புளி மடிச்சேன், வரமிளகா மடிச்சேன். அந்தப் புத்தகம் ஊருக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு மழைக் காலந்தான்.

இதுக்கெல்லாம் அவன் கோவப்பட மாட்டான். "போவட்டும்பா. ஒன்னு கல்கத்தாவுல இருக்குது" அப்படிம்பான்.

விஷயம் என்னான்னா, நாட்டுல எந்தப் புத்தகம் அச்சானாலும் பெரிய நூலகங்களுக்கு ஒவ்வொன்னு அனுப்பணும்னு சட்டம் இருக்குன்னு அச்சாபீஸ்காரர் சொல்லியிருக்காரு. நாலு ஊருக்கு அனுப்பணும். இவன் ஒரே ஒரு ஊருக்கு அனுப்பினான். அதுவும் பக்கத்துல இருக்கற மெட்ராஸை வுட்டுட்டு, பெரிசு அதுதான்னு கல்கத்தா தேசிய நூலகத்துக்கு. கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கற மாதிரி நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, ரிஜிஸ்தர் தபால்ல. தபால் ரசீதும் அவன் கையில இருந்த ஒத்தைப் புத்தகமும் ரெண்டாயிரத்துப் பதினொன்னுல அடிச்ச 'தானே' புயல்ல கூரையோட போச்சு. காட்ட ஒன்னுமில்ல. அதுலருந்து வாயால சொல்றது மட்டுந்தான். ஊரே அவனுக்குச் சுழி புக்குன்னு பேர் வச்சிது.

மரியதாஸ் டீக்கடையில தினம் நான் இதே பேச்சை ஆரம்பிப்பேன்.

"ஏண்டா, உன் மாட்டு முதுகைக் கவர்மெண்ட்டு பூட்டி வச்சிக்கினு காவல் காக்குதா?"

"காக்குதுபா."

"எடைக்குப் போட்டிருப்பான்டா. உன் பொண்டாட்டியே போட்டுச்சு, அவன் போட மாட்டானா?"

என் பேத்தி நிவேதா போனை எடுத்துக்கினு வந்தா. "தாத்தா, இதுலயே தேடிப் பாக்கலாம்" அப்படின்னா.

"வேணாம் பாப்பா," தங்கவேல் கையைத் தடுத்தான். "இல்லன்னு வந்தா உங்க தாத்தன் என்னை இங்கயே பொதைச்சிடுவான். இருக்குன்னு வந்தா போன் பொய் சொல்லுதும்பான். கையில புடிச்சிப் பாக்கணும்."

அப்ப அவனுக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சி, இன்னொரு கண்ணும் மங்கிக்கினு இருந்தது. கிளாஸைக் கீழ வச்சிட்டுச் சொன்னான்: "பொய்யன் செத்தான்னு சொல்லிக்கினுதானே என்னைத் தூக்கிக்கினு போவீங்க. கண்ணு இருக்கறப்பவே பாத்துட்டு வந்துடறேன்."

மரியதாஸ் சும்மா இருப்பானா? "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. புக்கு அங்க இல்லன்னா தங்கவேலு இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இருந்தா, நம்ம மில்லு மொதலாளி அந்த புக்கைப் பாத்துட்டு வந்து, இன்னா இருக்குதுன்னு இந்த பெஞ்சு மேல நின்னு படிக்கணும். ஒரு பக்கமாவது."

ஒத்துக்கிட்டேன். மாவு மில்லுக்கு மெஷின் வாங்க கல்கத்தா போய் வந்தவன் நான். இந்த வட்டாரத்துல அந்த ஊருக்கு வழி தெரிஞ்ச ஆளு வேற யாரு?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர் முப்பத்தொன்னு சாயந்தரம் போய் இறங்கினோம். ரெண்டாம் தேதி மதியம் மூனு மணிக்குத் திரும்ப வண்டி. மறுநாள் காலையில தங்கவேல் குளிச்சி, வெள்ளச் சட்டை போட்டுக்கினு நின்னான்.

"எங்கடா கெளம்பிட்ட? இன்னைக்கு நவம்பர் ஒன்னு. விடுதலை நாள். கவர்மெண்ட்டு லீவு."

"ஆமா இல்ல," அப்படின்னு சட்டையக் கழட்டி மடிச்சி வச்சான்.

எங்க ஊருல இப்ப வருஷா வருஷம் நவம்பர் ஒன்னுன்னா கொடியேத்தி மிட்டாய் குடுத்துத்தான் பாத்திருக்கோம். கோயில், பாலம், ரசகுல்லான்னு பகல் முழுக்கச் சுத்தினோம். ரெண்டாம் தேதி காலையில நூலக வாசல்ல விசாரிச்சப்பத்தான் தெரிஞ்சிது. அந்த லீவு எங்க புதுச்சேரிக்கு மட்டும். அன்னைக்கு எங்க ஊரை வுட்டு பிரெஞ்சுக்காரன் போனது கல்கத்தாக்காரனுக்கு எதுக்கு? ஜனவரி இருபத்தாறு, ஆகஸ்ட் பதினஞ்சு, அக்டோபர் ரெண்டு, வருஷத்துல இந்த மூனே நாள்தான் மூடுவாங்களாம். நாலாவதா ஒரு நாளை நாங்களே மூடிட்டு ரசகுல்லா சாப்பிட்டிருக்கோம். லீவுன்னு சொன்னவன் நான். தங்கவேல் ஒரு வார்த்தை கேக்கல. அவன் கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கேக்காததால பேச்சில்லாம நடக்க வேண்டியதாப் போச்சு.

இனிமே போறவங்க தெரிஞ்சிக்குங்க. அலிப்பூர்னு கேக்கணும், மிருகக்காட்சிசாலைக்குப் பக்கம். நம்ம ஊர்க்காரனுங்க கல்கத்தா போனா புலியப் பாத்துட்டு எதிர்ல இருக்கற இதைப் பாக்காம திரும்புவானுங்க. உள்ள மரமும் புல்லுமா எங்க ஏரிக்கரை நீளத்துக்கு இடம். வெள்ளைக்காரன் லாட் துரை குடியிருந்த மாளிகை நடுவுல நிக்குது. ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தாறுல ஊர் மனுஷங்க சேர்ந்து ஆரம்பிச்ச நூலகமாம். அப்புறம் வெள்ளைக்காரன் கைக்குப் போய், சுதந்திரத்துக்கப்புறம் தேசிய நூலகம்னு பேர் மாறி, ஐம்பத்து மூனுல இந்த இடத்துல ஜனங்களுக்குத் தொறந்தாங்களாம். இப்ப படிக்கற இடம் பக்கத்துப் புதுக் கட்டடத்துல. ஆதார் கார்டு கொண்டு போங்க. பையை வாசல்லயே குடுத்துட்டு டோக்கன் வாங்கணும். வந்த காரணம் என்னான்னு சீட்டுல ஒரு கட்டம் இருந்தது. நான் 'பார்வையிட'ன்னு போட்டேன். தங்கவேல் 'என் புத்தகத்தைப் பார்க்க'ன்னு எழுதினான். அவன் திமிரைப் பாருங்க.

தமிழ்ப் பிரிவுல ஒரு அம்மா இருந்தாங்க. சீட்டை வாங்கிப் பாத்துட்டு, "நீங்கதான் ஆசிரியரா, ஐயா?" அப்படின்னாங்க. இவனை ஐயான்னு கூப்பிட்டதை அன்னைக்குத்தான் கேட்டேன். "தேடி எடுத்து வர நேரமாகும், உக்காருங்க" அப்படின்னுட்டுப் போனாங்க.

உக்காந்தோம். ஒரு மணிக்குக் கெளம்பினாத்தான் வண்டி. பத்தரை ஆச்சு, பதினொன்னரை ஆச்சு. தங்கவேல் ரெண்டு கையையும் மேசை மேல வச்சிக்கினு கதவையே பாத்துக்கினு இருந்தான். "இல்லன்னா அழுவக் கூடாதுடா" அப்படின்னேன்.

பன்னெண்டுக்கு அந்த அம்மா வந்தாங்க. கையில கெட்டி அட்டை போட்டு பைண்டு பண்ணின மெல்லிசு புத்தகம். தங்கவேல் முன்னாடி வச்சாங்க. அவன் தொறந்து முதல் பக்கத்தோட மூலையைக் கட்டை விரலால தடவினான். பழுப்புக் கறை.

"எலி மூத்திரம்டா" அப்படின்னேன்.

"மஞ்சள்டா. நாலு மூலையிலயும் இருக்குது பாரு."

இருந்தது. நாலு மூலையிலயும் இருந்தது.

அதுக்கப்புறம் அவன் படிக்காம என்னைப் பாத்தான். "கண்ணாடி பையில இருக்குது." பை வாசல்ல இருக்கு. போய் வந்தா அரை மணி போயிடும். "நீ படிபா. மெதுவா."

ஐம்பது வருஷமா நான் பில்லு புக்கைத் தவிர வேற எதையும் படிச்சதில்ல. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், கிசுகிசுன்னு. அவன் கண்ணை மூடிக்கினு தலையாட்டினான். நாப்பது மாடு தாண்டினதும் நேரம் ஆவுதுன்னு நடுவுல தொறந்து ஓட்டினேன். நூத்தி நாப்பத்தாறாவது மாட்டைப் படிச்சிட்டு நூத்தி நாப்பத்தெட்டுக்குப் போனேன்.

"ஒன்னு வுட்டுட்டபா."

"எழுத்து அழிஞ்சிருக்குடா."

"அழியாது. அது உங்கப்பன் மாடு."

படிச்சேன். 'உறுவையாறு முத்துக்கண்ணு வீட்டு மயிலை. முதுகில் பாடைச் சுழி. வாங்கிய இரண்டாம் வருடம் மூன்று காணி நிலம் போயிற்று. மாட்டால் வந்த கேடு என்று விற்றார். நிலம் போனது சாராயக் கடையில். மாடு அதன் பிறகு மங்கலத்தில் ஒன்பது வருடம் வண்டி இழுத்தது. வாங்கியவர் வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது.'

"நான் புளி மடிச்சப்பவே இது இதுல இருந்துதாடா?"

"இருந்துது. அந்தப் பக்கத்துலயே மடிக்கிறியோ இன்னாவோன்னு நெனச்சிக்கினேன்."

"இத்தனை கல்யாணத்துல நான் மாட்டுக் கதைய சொன்னப்போ எதிர்லதானே குந்தியிருந்த? ஒரு வார்த்தை சொல்லலாம் இல்ல?"

"அதான் புக்குல சொல்லிட்டனே. நீ படிக்கல."

மணி பன்னெண்டே முக்கால். மேசையில இருந்த அந்த அம்மாகிட்ட ஒரு தாளும் பென்சிலும் வாங்கினேன். டீக்கடையில படிக்க ஒரு பக்கம் வேணும். "உனக்கு எது புடிக்குதோ எழுதிக்க" அப்படின்னான் தங்கவேல். முன்னூத்திப் பன்னெண்டு மாடு இருக்கு. ராஜா மாதிரி இழுத்த காளைங்க எத்தனையோ இருக்கு. நான் நூத்தி நாப்பத்தேழை எழுதினேன். என் எழுத்து கோணல்தான், ஆனா ஒரு வார்த்தை வுடல. வண்டியும் வுடல.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில மரியதாஸ் கடை பெஞ்சு மேல ஏறி நின்னு படிச்சேன். சாராயக் கடைன்னதும் எல்லாரும் கைதட்டிச் சிரிச்சானுங்க. தங்கவேல் மட்டும் டீயை ஆத்திக்கினு இருந்தான். சிரிக்கட்டும். சிரிச்சவனுங்க அப்பன் பேரெல்லாம் ரேஷன் கார்டைத் தாண்டி எங்க இருக்கு? எங்கப்பன் முத்துக்கண்ணு கல்கத்தாவுல இருக்காரு, லாட் துரை இடத்துல, கெட்டி அட்டைக்குள்ள. நம்பாதவன் போய்ப் பாக்கலாம். நவம்பர் ஒன்னு அன்னைக்கும் தொறந்திருக்கும்.